குரல் மட்டும் மிஞ்சட்டும்: வீட்டில் செய்த ஒரு 45 நிமிட ரீமிக்ஸ் தொகுப்பு

தலைப்பு வைத்து மிக்ஸ் செய்கிறவர்கள் பலர் அந்தத் தலைப்பைப் பாட்டின் பெயரில்தான் தேடுகிறார்கள். பெயரில் 'இரவு' வரும் பத்து டிராக், 'மழை' வரும் பத்து டிராக் என்று அடுக்கிவிடுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அந்தத் தலைப்பு காதில் விழுவதே இல்லை. பட்டியலை வாசித்தால்தான் தெரியும். எலெக்ட்ரானிக், டான்ஸ் ரீமிக்ஸ்களை அடுக்கும்போது எனக்கு அது போதவில்லை. தலைப்பு ஒலியிலேயே இருக்க வேண்டும். பாடியவர் பெயரே தெரியாத ஒருவருக்கும் மூன்றாவது பாட்டு வரும்போது இதில் ஏதோ ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று பட வேண்டும்.

அதனால் இந்த முறை ரீமிக்ஸ் என்ற செயலையே தலைப்பாக எடுத்துக்கொண்டேன். ரீமிக்ஸ் செய்தவர் மூலப் பாட்டில் எதை வைத்துக்கொண்டார், எதைத் தூக்கிப் போட்டார்? இந்தக் கேள்வியோடு என்னிடம் இருக்கும் ட்ராக்குகளைக் கேட்கக் கேட்க ஒரு கூட்டம் தனியாகப் பிரிந்து வந்தது. பாடகரின் குரலை மட்டும் எடுத்துக்கொண்டு கீழே இருந்த மேளம், கிடார், பியானோ எல்லாவற்றையும் மாற்றிவிட்டவை அவை. பெரும்பாலும் 1987-க்கும் 1998-க்கும் இடையில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வந்தவை. அந்தக் காலத்து ரீமிக்ஸ்களின் உச்சம் அது என்பது என் தீர்மானமான கருத்து.

நீளம் 45 நிமிடம். தொண்ணூறு நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம். நம் ஊர் ரெக்கார்டிங் சென்டர்களில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பாட்டுப் பதிந்து வாங்கியவர்களுக்கு இந்த அளவு தெரியும். பக்கம் முடிவதற்குள் பட்டியல் முடிய வேண்டும், பாதியில் அறுபடக் கூடாது. கணினியில் அந்தக் கட்டாயம் கிடையாது. ஆனால் கட்டாயம் இல்லாத மிக்ஸ் இரண்டு மணி நேரம் வரை இழுத்துக்கொண்டே போகும், தலைப்பும் நடுவில் எங்கோ நழுவிவிடும்.

தேர்ந்தவை

முதலில் உள்ளே வந்தது சுசான் வேகாவின் 'டாம்ஸ் டைனர்'. 1987-இல் வந்த ஆல்பத்தில் அது பின்னணி இசையே இல்லாத வெறும் குரல். 1990-இல் இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த டிஎன்ஏ என்ற இரட்டையர் அந்தக் குரலுக்கு அடியில் மெதுவான டிரம் லூப் ஒன்றைப் போட்டு, அனுமதி வாங்காமலே தட்டாக வெளியிட்டார்கள். வழக்குப் போடுவதற்குப் பதிலாக வேகாவின் நிறுவனம் அதை வாங்கி முறையாக வெளியிட்டது. பிரிட்டன் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை போனது. டிஎன்ஏ செய்ததில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. மூலத்தில் பாட்டு முடியும் இடத்தில் மட்டும் வரும் அந்த 'டு டு டு டு' முணுமுணுப்பை எடுத்துப் பாட்டு முழுக்கத் தூவிவிட்டார்கள். இன்று அந்தப் பாட்டு என்றாலே எல்லோருக்கும் ஞாபகம் வருவது அதுதான்.

அடுத்தது எவ்ரிதிங் பட் தி கேர்ள் என்ற பிரிட்டிஷ் ஜோடியின் 'மிஸ்ஸிங்'. 1994-இல் வந்தபோது அது அமைதியான கிடார் பாட்டு. நியூயார்க்கின் டாட் டெர்ரி அதை ஹவுஸ் என்ற கிளப் நடனத் தாளத்துக்கு மாற்றினார். 1996-இல் அமெரிக்கத் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை ஏறியது அந்த வடிவம்தான். பாடிய ட்ரேசி தோர்னின் குரலை அவர் கிட்டத்தட்ட தொடவே இல்லை. தாளம் ஆடச் சொல்கிறது, குரல் தனியாக ஜன்னலோரம் நிற்கிறது. அந்தப் பிளவுதான் பாட்டின் உயிர்.

டோரி ஏமஸின் 'ப்ரொஃபஷனல் விடோ'வை ஆர்மண்ட் வான் ஹெல்டன் கையாண்ட விதம் இன்னும் கடுமையானது. மூலத்தில் ஹார்ப்சிகார்டு அதிரும், வரிகள் அடுக்கடுக்காக வரும். இவர் இரண்டு மூன்று துண்டு வரிகளை மட்டும் பிய்த்தெடுத்து, புதிதாகப் போட்ட பேஸ் லைனின் (அடியில் ஓடும் கனத்த கீழ்ச்சுர வரி) மேல் சுழலவிட்டார். 1997 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம். கார்னர்ஷாப் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் 'ப்ரிம்ஃபுல் ஆஃப் ஆஷா' ஆஷா போஸ்லேயைப் பற்றிய பாட்டு. உள்ளே லதா மங்கேஷ்கர், முகமது ரஃபி பெயர்களும் வரும். முதலில் வெளிவந்தபோது பெரிதாக எடுபடவில்லை. நார்மன் குக் அதன் வேகத்தைக் கூட்டி, குரலையும் சேர்த்து மேலே ஏற்றி, கனத்த டிரம்ஸ் போட்ட வடிவம் 1998 பிப்ரவரியில் முதலிடம் பிடித்தது.

நுஸ்ரத் ஃபதே அலி கானின் 'மஸ்த் மஸ்த்'தை மாஸிவ் அட்டாக் குழு மாற்றிய வடிவத்தையும் சேர்த்தேன். கவ்வாலிக் குரல் பிரிஸ்டல் நகரத்துச் சோம்பல் தாளத்தில் உட்காரும் விதத்துக்காகவே அது வேண்டும். எரிக் பி - ராக்கிம் ஜோடியின் 'பெய்ட் இன் ஃபுல்'லை 1987-இல் கோல்ட்கட் இரட்டையர் ஏழு நிமிடமாக நீட்டியதும் வேண்டும். அதில் ராக்கிமின் ராப் இருக்கிறது, நடுவே ஓஃப்ரா ஹாசா பாடும் ஏமன் நாட்டு யூதப் பாடல் எங்கிருந்தோ வந்து நிறைகிறது. இரண்டு மொழி, இரண்டு உலகம், ஒரே டிரம் லூப். அடுத்தவர் பாட்டிலிருந்து ஒரு குரலைக் கொண்டுவந்து இப்படி நடுவீட்டில் உட்கார வைக்கலாம் என்று இந்த ஒரு டிராக்கிலிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன்.

தலைப்புக்கு நேர் எதிரான ஒன்றும் வேண்டும் என்று நினைத்தேன். பிரைமல் ஸ்க்ரீம் இசைக்குழுவின் பழைய பாட்டு ஒன்றை ஆண்ட்ரூ வெதரால் 1990-இல் 'லோடட்' ஆக்கினார். குரலைக் கிட்டத்தட்ட முழுவதுமாகக் கழற்றிவிட்டு, பின்னணியில் இருந்த ஹார்ன், பியானோ, கிடார் வாத்தியங்களை முன்னால் கொண்டுவந்தார். தொடக்கத்தில் பேசுவது 1966-இல் வந்த ஒரு மோட்டார் சைக்கிள் படத்தின் வசனம். அவர் முதலில் செய்து காட்டியது ரொம்ப அடக்கமாக இருந்ததாம். இசைக்குழுவினர்தான் இன்னும் உடைத்துப் போடச் சொல்லி ஊக்கினார்கள் என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பாடகரே இல்லாத இந்த ஏழு நிமிடம் மிக்ஸின் நடுவில் இருந்தால், அதற்குப் பிறகு வரும் குரலுக்குப் பசி கூடும்.

கடைசி இடம் வயதில் மூத்ததற்கு. டோனா சம்மரின் 'ஐ ஃபீல் லவ்' 1977-இல் வந்தது. சான் பிரான்சிஸ்கோவின் பேட்ரிக் கௌலி அடுத்த ஆண்டே அனுமதியின்றி அதைப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீட்டினார். டீஜேக்களிடையே கைமாறிக்கொண்டிருந்த அது 1982-இல்தான் அதிகாரப்பூர்வமாக விற்பனைக்கு வந்தது.

கோப்புகளைச் சுத்தம் செய்தல்

இந்தக் கட்டத்தை அவசரமாகக் கடப்பவர்கள் பின்னால் பத்து மடங்கு நேரம் இழக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது எந்த வடிவம் கையில் இருக்கிறது என்பது. ஒரே ரீமிக்ஸுக்கு ரேடியோவுக்கான சுருக்கம் ஒன்று, கிளப்புக்கான நீள வடிவம் ஒன்று என இரண்டு மூன்று இருக்கும். விற்பனைத் தளங்களில் பெயர் ஒரே மாதிரி இருப்பதால் நிமிடக் கணக்கைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். நான்கு நிமிடத்துக்குள் முடிந்தால் அது சுருக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். சுருக்கத்தில் முன்னும் பின்னும் வெறும் டிரம்ஸ் இருக்காது, நேராகக் குரலில் தொடங்கிவிடும். அங்கே இன்னொரு பாட்டை ஒட்டவே முடியாது.

நீள வடிவம் என்ற ஒன்று பிறந்ததே இதற்காகத்தான். 1976-இல் சால்சோல் நிறுவனம் டபுள் எக்ஸ்போஷரின் 'டென் பர்சன்ட்' பாட்டை வால்டர் கிப்பன்ஸ் கையில் கொடுத்து, ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீட்டி 12 அங்குலத் தட்டாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. பொதுமக்கள் வாங்கக்கூடிய முதல் 12 அங்குல சிங்கிள் அது. தட்டு பெரிதானால் ஒலி பதியும் பள்ளக் கோடுகளுக்கு இடையே இடைவெளி அதிகம், பேஸ் ஆழமாகப் பதியும், சத்தமும் கூடும். தொடக்கத்தில் டிரம்ஸ் மட்டும், நடுவில் ஒரு பிரேக், கடைசியில் மறுபடி டிரம்ஸ் என்ற அமைப்பு அங்கிருந்து வளர்ந்து வந்தது. வீட்டில் உட்கார்ந்து நாம் சுலபமாக ஒட்ட முடிகிறதென்றால் அந்த மனிதர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இரண்டாவது, கோப்பின் வகை. எம்பி3 வேண்டாம், ஒலியில் எதுவும் இழக்காத ஃப்ளாக் அல்லது வேவ் மட்டும். தரம் ஒரு காரணம். எம்பி3-யை உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் தன் சுருக்க முறையைச் சோதிக்கப் பயன்படுத்தியதே 'டாம்ஸ் டைனர்' மூலக் குரலைத்தான். பின்னணி எதுவும் இல்லாத அந்த நெருக்கமான குரலில் சின்னக் கீறல்கூட ஒளிய இடமில்லை, ஆரம்பகாலச் சுருக்கத்தில் அது சிதைந்தே போனது. நம் மிக்ஸில் அதே குரல் தனியாக நிற்கப் போகிறது என்பதால் இது எனக்கு வெறும் தகவல் அல்ல. இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது. எம்பி3-யின் தொடக்கத்தில் குறியாக்கி சின்ன மௌனம் ஒன்றைச் சேர்க்கும். அதை ஒரு மென்பொருள் கழிக்கும், இன்னொன்று கழிக்காது. விளைவாக 25 மில்லிசெகண்ட் அளவுக்குத் தாளக் கட்டம் தள்ளிப்போகும். இரண்டு கிக் டிரம்முக்கு (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) நடுவே 25 மில்லிசெகண்ட் என்றால் 'டும்' என்று கேட்க வேண்டியது 'டுடும்' என்று கேட்கும்.

மூன்றாவது, வேகத்தை அளப்பது. மென்பொருள் காட்டும் பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தாள அடி) எண்ணை அப்படியே நம்பாமல் கையால் ஒருமுறை சரிபார்ப்பேன். ஆடாசிட்டியில் பாட்டைத் திறந்து, முதல் கிக் தொடங்கும் புள்ளியில் ஒரு குறி, 320 தாள அடி தள்ளி இன்னொரு குறி. 125 பிபிஎம்மில் ஒரு அடிக்கு 0.48 செகண்ட், 320 அடிக்கு 153.6 செகண்ட். அளந்தால் 154.2 வருகிறது என்று வையுங்கள்: உண்மையான வேகம் 124.51. கணினியில் செய்த ஹவுஸ் ட்ராக்குகளில் எண் முழுசாக வரும். வினைல் தட்டிலிருந்து பதிந்த கோப்புகளில் இப்படிப் பின்னம் வரும், டர்ன்டேபிளின் வேகம் துல்லியமாக இல்லாததுதான் காரணம். பின்னம் முழுக்க ஒரே சீராக இருந்தால் கவலையில்லை, கோப்பின் ஓட்ட வேகத்தை அந்த விகிதத்தில் மாற்றினால் போதும். டிரம்மர் கையால் வாசித்த பழைய டிஸ்கோ வேறு கதை. பாட்டு சூடு பிடிக்கும்போது மனிதர்கள் வேகம் கூடுவார்கள். அங்கே எட்டு பாருக்கு (நான்கு அடி ஒரு பார்) ஒரு குறி போட்டுத் துண்டு துண்டாக நேர்செய்ய வேண்டும். 'டென் பர்சன்ட்'டை இந்த மிக்ஸில் சேர்க்காததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த மூச்சை நேர்கோட்டில் அடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வேலை செய்த கருவிகளைச் சொல்லிவிடுகிறேன். ஒட்டிப் பார்க்க மிக்ஸ் என்ற இலவச டீஜே மென்பொருள் (ஆங்கிலத்தில் கடைசியில் மூன்று எக்ஸ் போட்டு எழுதுவார்கள்), வெட்ட ஆடாசிட்டி, கடைசிக் கோர்ப்புக்கு ரீப்பர். ஹெட்போன் வயர் உள்ளதாக இருக்கட்டும். ப்ளூடூத்தில் ஒலி 0.2 செகண்ட் தாமதமாக வந்தால்கூட அது 125 பிபிஎம்மில் கிட்டத்தட்ட அரை அடி, காதால் தாளம் சேர்க்கவே முடியாது.

வரிசை

எல்லாவற்றையும் அளந்து முடித்ததும் ஒரு பிரச்சினை கண்ணில் பட்டது. ட்ராக்குகள் இரண்டு குழுவாகப் பிரிந்து நின்றன. 'டாம்ஸ் டைனர்', 'பெய்ட் இன் ஃபுல்', 'லோடட்' மூன்றும் நூறை ஒட்டியவை. 'மஸ்த் மஸ்த்' அதற்கும் கீழே. 'மிஸ்ஸிங்', 'ப்ரொஃபஷனல் விடோ', 'ப்ரிம்ஃபுல்', 'ஐ ஃபீல் லவ்' நான்கும் 125-ஐச் சுற்றி. நடுவில் பாலம் எதுவும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தை ஏற்றிக்கொண்டு போகலாம் என்று சிலர் சொல்வார்கள். 100-ஐ 125 ஆக்குவது 25 சதவீத ஏற்றம். சுருதியையும் சேர்த்து ஏற்றினால் ஆறு சதவீதத்துக்கு ஒரு அரைச்சுரம் உயரும், 25 சதவீதத்தில் கிட்டத்தட்ட நான்கு அரைச்சுரம், குரல் குழந்தைக் குரலாகிவிடும். சுருதியைப் பூட்டி வேகத்தை மட்டும் ஏற்றினால் குரலில் தகர ஓசை வரும். ஐந்து சதவீதத்தைத் தாண்டினாலே எனக்கு அது காதில் உறுத்தும். குரலைப் பற்றிய மிக்ஸில் குரலைக் கெடுக்க முடியாது.

ஆகவே பாலத்தையே மிக்ஸின் மையமாக வைத்துக்கொண்டேன். முதல் பாதி மெதுவானவை: தொடக்கத்தில் நுஸ்ரத், அடுத்து டிஎன்ஏ, பிறகு கோல்ட்கட், கடைசியில் குரலில்லாத 'லோடட்'. இரண்டாம் பாதி வேகமானவை. இரண்டுக்கும் நடுவே தாளமே இல்லாத ஒரு நிமிடச் சொச்சம், சுசான் வேகாவின் 1987 மூலக் குரல் மட்டும். வாத்தியம் மட்டும் உள்ள ஏழு நிமிடம் முடிந்து, குரல் மட்டும் உள்ள ஒரு நிமிடம். முன்பு டிரம்ஸோடு கேட்ட அதே வரிகள் இப்போது வெறுமையாக வரும்போது, டிஎன்ஏ எதை வைத்துக்கொண்டார்கள் என்பது விளக்கமே இல்லாமல் புரிந்துவிடும். இந்த மிக்ஸ் சொல்ல வருவது முழுவதும் அந்த இடத்தில் இருக்கிறது.

பாலம்

அதிக நேரம் எடுத்ததும் அதிக மகிழ்ச்சி கொடுத்ததும் இதுதான். எப்படிச் செய்தேன் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

'லோடட்' முடியும் இடத்தில் ஹார்ன் நீண்டு மங்கும்போது கிக் டிரம்மின் கீழ் அதிர்வெண்களை எட்டு பாருக்குள் மெல்லக் கழற்றிவிட்டேன். தாளம் இருக்கிறதா இல்லையா என்று காது யோசிக்கும் நேரத்தில் வேகாவின் முதல் சொல் விழ வேண்டும். குரலுக்கு முன்னால் ஒரு பார் முழு மௌனம் விட்டுப் பார்த்தேன். கேட்கிறவருக்குப் பாட்டு நின்றுவிட்டதோ என்று தோன்றும் அளவுக்கு அது நீளம். அரை பார் சரியாக இருந்தது.

வெளியேறும் வழிதான் கடினம். நூறு பிபிஎம் உணர்வில் பாடிக்கொண்டிருக்கும் குரலிலிருந்து 125 பிபிஎம் ஹவுஸ் தாளத்துக்குள் எப்படி நுழைவது? விடை எதிரொலியில் கிடைத்தது. 125 பிபிஎம்மில் ஒரு அடி 480 மில்லிசெகண்ட். குரலின் கடைசி 'டு'வை மட்டும் வெட்டி எடுத்து, அதற்கு 480 மில்லிசெகண்ட் இடைவெளியில் எதிரொலி கொடுத்தால், அந்தச் சொல் திரும்பத் திரும்ப ஒலிக்கும் வேகம் அடுத்த பாட்டின் வேகம். பழைய பாட்டின் குரலே புதிய பாட்டின் தாளத்தைத் தட்ட ஆரம்பிக்கிறது. நான்காவது ஐந்தாவது எதிரொலியில் காது பழைய வேகத்தை மறந்து புதியதற்குத் தலையாட்டத் தொடங்கிவிடும். அப்போது 'மிஸ்ஸிங்'கின் ஹை-ஹாட்டை (டிரம்ஸில் உள்ள ஜோடித் தட்டு) அடியில் மெல்லத் திறக்கலாம்.

ஆடாசிட்டியில் செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அதன் எக்கோ விளைவில் தாமதம் 0.48, தேய்வு 0.6 அல்லது 0.65 என்று கொடுங்கள். ஆனால் அந்த விளைவு தேர்ந்தெடுத்த பகுதிக்கு வெளியே நீளாது. சொல்லை மட்டும் தேர்ந்தெடுத்துப் போட்டால் எதிரொலி விழ இடமில்லாமல் வெட்டுப்படும். முதலில் சொல்லுக்குப் பின்னால் எட்டுப் பத்து செகண்ட் மௌனம் சேர்த்து, அதையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்த பிறகு விளைவைப் போட வேண்டும். எதிரொலி வரவரக் கீழ் அதிர்வெண்கள் குறையும்படி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் அது ஹை-ஹாட்டோடு சண்டை போடாவிட்டாலும் பின்னால் வரும் பேஸோடு போடும்.

நுணுக்கம் ஒன்று பாக்கி. எதிரொலியை எண்ணத் தொடங்கும் புள்ளி அந்தச் சொல்லின் மெய்யெழுத்தா, உயிரோசையா? அலை வடிவத்தில் பார்த்தால் 'டு'வின் தொடக்கத்தில் நாக்கு விடுபடும் கூர்மையான முள் தெரியும், சற்றுத் தள்ளித்தான் குரல் பருக்கும். முள்ளை ஹை-ஹாட்டோடு சேர்த்தால் கணக்குச் சரி, கேட்க அவசரமாக இருந்தது. குரல் பருக்கும் இடத்தைக் கட்டத்தில் வைத்தேன். உடனே உட்கார்ந்துவிட்டது. பாடுகிறவர்களின் தாளம் உயிரோசையில்தான் விழுகிறது என்பது கையால் நகர்த்திப் பார்க்கும்போது தெளிவாகத் தெரியும்.

சுருதியும் ஒத்துப்போக வேண்டும். எதிரொலித்துக்கொண்டே இருக்கும் 'டு' ஒரு குறிப்பிட்ட சுரம். 'மிஸ்ஸிங்'கின் பேஸ் நுழையும்போது அதோடு மோதினால் அந்த அழகு முழுவதும் வீண். ஒத்துப்போகும் சுருதிகளை எண் போட்டு அடுத்தடுத்து வைத்த, டீஜேக்கள் பயன்படுத்தும் கேமலாட் சக்கரத்தில் ஏ மைனர் 8ஏ, அதன் அண்டை வீடுகள் 7ஏ-யும் 9ஏ-யும், வெளி வளையத்தில் 8பி. அண்டை வீடு என்றால் பயமின்றி ஒட்டலாம். இங்கே அண்டை வீடு அமையவில்லை. அதனால் பேஸ் வருவதற்கு முன்பே எதிரொலி தேய்ந்து முடியும்படி நேரத்தை அமைத்தேன். தாளம் கைமாறிவிட்டது, சுருதி கைமாற வேண்டிய அவசியமே எழவில்லை.

பேஸ் கைமாற்றம்

வேகமான பாதியில் ஒட்டுகள் எல்லாம் ஒரே கொள்கை. எட்டு பார் ஒரு வாக்கியம் என்று வைத்துக்கொண்டால் 125-இல் அது 15.36 செகண்ட். நான்கு வாக்கியம் சேர்ந்தால் ஒரு நிமிடத்துக்கு ஒரு செகண்டும் கொஞ்சமும் கூட. புதிய பாட்டு வாக்கியத்தின் முதல் அடியில்தான் நுழைய வேண்டும், பழையது வாக்கியத்தின் கடைசியில்தான் வெளியேற வேண்டும். தாளம் அச்சாகப் பொருந்தினாலும் வாக்கியம் பொருந்தாவிட்டால் கேட்பவருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாது, ஆனால் கால் தடுமாறும்.

நுழையும் பாட்டின் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை முழுக்க மூடி வைத்துக்கொண்டு, மேல் பாதியை மட்டும் ஓரிரு வாக்கியம் கேட்கவிடுவேன். பிறகு ஒரு வாக்கியத்தின் முதல் அடியில், ஒரே கணத்தில், பழையதன் பேஸை மூடிப் புதியதைத் திறப்பேன். இரண்டு பேஸ் ஒன்றாக ஓடுவதை ஒரு பார்கூட அனுமதிப்பதில்லை. இரண்டு கிக் டிரம்மின் அலைகள் ஒன்றையொன்று தின்று சத்தம் கூடுவதற்குப் பதில் மெலிந்துவிடும். 'மிஸ்ஸிங்'கிலிருந்து 'ப்ரொஃபஷனல் விடோ'வுக்குப் போகும் இடத்தில் இது அற்புதமாக வேலை செய்தது. வான் ஹெல்டனின் பேஸ் லைன் அந்தப் பாட்டின் கதாநாயகன். அது திடீரென்று திறக்கும்போது தரை ஒரு படி கீழே இறங்கியது போல இருக்கும். அதற்கு முந்தைய எட்டு பாரில் பழைய பாட்டின் பேஸையும் மெதுவாகக் குறைத்துக்கொண்டே வந்திருந்தேன், இறக்கம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

'ப்ரிம்ஃபுல்'லுக்குள் போவது சுலபம், அதன் டிரம்ஸ் அகலமாக இடம் விடும். அங்கிருந்து கௌலிக்குப் போவதில் ஒரு சிக்கல். 'ஐ ஃபீல் லவ்'வின் மூக் சிந்தசைசர் பேஸ் இடது காதில் ஒலிக்க, அதன் தாமதப் பிரதி வலது காதில் ஒலிக்கும். இரண்டும் பின்னிக்கொண்டால்தான் அந்தக் குதிரை ஓட்டம் கிடைக்கும். ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக் கேட்டால் பாதித் தாளம் காணாமல் போகும். பஸ்ஸில் அப்படித்தான் பாதிப் பேர் கேட்கிறார்கள். மிக்ஸை மோனோவாக மாற்றியும் கேட்டுப் பார்த்தேன். ஓட்டம் அப்படியே இருந்தது, அகலம் மட்டும் போனது. அதனால் ஒட்டும் பகுதியில் மட்டும் இரு பக்கத்தையும் நடுவுக்குக் கொண்டுவந்து, 'ப்ரிம்ஃபுல்' முழுக்க வெளியேறிய பிறகு எட்டு பாரில் மெல்ல விரித்துவிட்டேன். அறையின் சுவர்கள் விலகுவது காதுக்கே தெரிகிறது.

சத்த அளவு

1987-இல் வந்த மாஸ்டரும் 1998-இல் வந்த மாஸ்டரும் ஒரே குமிழ் நிலையில் ஒரே சத்தத்தில் ஒலிக்காது. இடைப்பட்ட ஆண்டுகளில் எல்லோரும் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். என் கோப்புகளில் மெல்லியதற்கும் சத்தமானதற்கும் ஆறேழு டெசிபெல் வித்தியாசம். மெல்லியதைத் தூக்கி நிறுத்தாமல் சத்தமானதை இறக்கினேன். தூக்கினால் உச்சங்கள் வெட்டுப்படும், இறக்கினால் எதுவும் கெடாது. எல்லாவற்றையும் மைனஸ் 14 லஃப்ஸை (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) ஒட்டிக் கொண்டுவந்து, பிறகு மீட்டரை மூடிவிட்டுக் காதை மட்டும் நம்பி ஒன்றிரண்டு டெசிபெல் திருத்தினேன். வேகாவின் தனிக்குரல் மீட்டர் சொன்னதைவிட நான்கு டெசிபெல் கீழே போனது. டிரம்ஸுக்குப் பிறகு வரும் தனிக்குரல் எப்போதும் கத்துவது போலக் கேட்கும். கடைசிக் கோப்பின் உச்சம் மைனஸ் ஒரு டெசிபெல்லில் நிற்கிறது. மொத்தத்தையும் அழுத்தி உரக்கச் செய்யும் லிமிட்டரைத் தொடவில்லை. இந்தப் பாட்டுகளில் இருக்கும் மேடு பள்ளங்கள் எனக்கு வேண்டும்.

சமையலறையில் சின்ன ஸ்பீக்கரில் ஒருமுறை, காரில் ஒருமுறை, நல்ல ஹெட்போனில் ஒருமுறை கேட்டேன். காரில் கேட்டபோது கோல்ட்கட் பகுதியின் தொடக்கத்தில் வரும் அந்தப் பழைய பிரிட்டிஷ் அறிவிப்பாளர் குரல் இன்ஜின் சத்தத்தில் மூழ்கியது. ஒலிப் பயணம் தொடங்குகிறது என்று அறிவிக்கும் குரல் மூழ்கலாமா? அதை மட்டும் இரண்டு டெசிபெல் ஏற்றி, அடியில் போய்க்கொண்டிருந்த 'டாம்ஸ் டைனர்' மிச்சத்தை ஒரு வாக்கியம் முன்னதாகவே வெளியேற்றினேன்.

இது வீட்டுக்குள் கேட்க, வேண்டும் என்று சொல்லும் நண்பர்கள் கேட்க. ட்ராக்குகள் எல்லாம் காசு கொடுத்து வாங்கியவை. டிஎன்ஏவுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் கிடைக்காது என்பதால், பொதுவெளியில் ஏற்ற நினைப்பவர்கள் மிக்ஸ்கிளவுட் போல உரிமையாளர்களோடு ஒப்பந்தம் உள்ள இடத்தில் ஏற்றட்டும், பட்டியலில் பாடியவர் பெயரையும் ரீமிக்ஸ் செய்தவர் பெயரையும் சேர்த்தே போடட்டும். ரீமிக்ஸ் செய்தவர் பெயர் இல்லாத பட்டியலைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

அடுத்தது மறுபக்கம், இன்னொரு 45 நிமிடம். குரலைக் கழற்றியவர்கள் மட்டும். 'லோடட்' அங்கேதான் தொடங்கும், ஆனால் வேர் 1970-களின் ஜமைக்காவில், கிங்ஸ்டன் நகரத்து ஒலிப் பொறியாளர் கிங் டப்பியின் கலவை மேசையில் இருக்கிறது. மாஸிவ் அட்டாக்கின் ஆல்பம் ஒன்றின் பாட்டுகளை மேட் புரொஃபசர் 1995-இல் டப் (குரலைக் கழற்றி பேஸையும் எதிரொலியையும் முன்னால் வைக்கும் முறை) ஆக்கியதும் கையில் இருக்கிறது. வேகங்களை அளக்கத் தொடங்கிவிட்டேன், பெரும்பாலும் நூறுக்குக் கீழேதான் நிற்கின்றன. பாலம் தேவைப்படாது போலிருக்கிறது.